ஓரத்துக்கு எத்தனை புள்ளி

ஹவ்லொக் வீதியில் ஐந்தாம் மாடி.
குளிரூட்டி பதினெட்டில் நிற்கிறது.
மூன்று புத்தகம், மூன்று படிவம்,
மூன்று பிளேன்ரீ, சீனி தனியாக.
உயர்நிலை ஆங்கிலம், திருத்திய நான்காம் பதிப்பு.
ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளியிடுங்கள்,
நாலு மணிக்குள் முடித்தால் நல்லது என்றார் ருவந்தி.

அட்டை வடிவாக இருக்கிறது. ஐந்து.

பழைய பதிப்பில் பிரவுண் குடும்பம்
தபாற்கந்தோருக்குப் போய்க்கொண்டே இருந்தது.
இருபது வருடமாய் முத்திரை வாங்கி முடியவில்லை.
இப்போது அவர்கள் இல்லை.
இஷாராவும் ஃபாஹிமும் அகல்யாவும்
கடல் பார்த்த மாடியில் கொம்பனி தொடங்குகிறார்கள்.
வாடகை பற்றிப் பேச்சில்லை.
மின்வெட்டு வருவதில்லை.
ஒருவர் பேசி முடியும்வரை மற்ற இருவரும் காத்திருக்கிறார்கள்.
கொழும்பில் இப்படி மூன்று பேரை நான் கண்டதில்லை
என்று எழுதப்போனேன்.
ருவந்தி சீனியை என் பக்கம் தள்ளினார்,
நஸ்மி சேர் கரண்டியைத் துடைத்துத் தந்தார்.
பண்பாட்டுப் பொருத்தம்: நான்கு.

ஏழாம் அலகு, செயப்பாட்டு வினை.
பழையதில்: வீடு எரிக்கப்பட்டது.
புதியதில்: வீட்டுக்கு வர்ணம் பூசப்பட்டது.
கீழே விதி மட்டும் அப்படியே நிற்கிறது:
செய்தவர் யாரென்று தெரியாதபோதும்
சொல்லத் தேவையில்லாதபோதும்
செய்தவரை விட்டுவிடலாம்.
நஸ்மி சேர் பேனையால் அந்த வரியைத் தட்டினார்.
"உதாரணம் திருந்திவிட்டது, மிஸ்."
அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.
விதிக்குப் புள்ளியிடப் படிவத்தில் கட்டமில்லை.

பையில் பழைய பிரதி ஒன்று கொண்டுவந்திருந்தேன்.
வகுப்புப் பிரதி. ஒருவர் விட்டுப்போக மற்றவர் எடுத்தது.
முதுகில் செலோடேப், பக்கமெல்லாம் பென்சில்.
வெள்ளவத்தை லொட்ஜில் இரவு வேலைபார்த்த அனுஸ்டன்,
பாமசியில் நின்ற மெர்லின்,
பெயர் எழுதாத எத்தனையோ பேர்.

'வுட் ஹாவ் பீன்' என்ற இடத்தின் ஓரத்தில்
'இருந்திருக்கும். ஆனால் இருக்கவில்லை.'
'ரிலக்ரன்ற்' பக்கத்தில்
'மனமில்லாத மனம்.'
அகராதி இவ்வளவு தூரம் வராது.

விமான நிலைய உரையாடல், ஒன்பதாம் அலகு:
எத்தனை நாள் தங்க உத்தேசம்?
அச்சில் பதில்: இரண்டு வாரம்.
ஓரத்தில் ஒரு கை: 'உண்மையைச் சொல்லாதே.'
அடியில் வேறொரு கை: 'சொல்லு.'
அதற்கும் அடியில் சிங்கள எழுத்தில் ஒரேயொரு சொல்.
ருவந்தியிடம் நீட்டினேன்.
படித்துவிட்டுச் சிரித்தார்,
மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

புதிய பதிப்பைத் திறந்து அதே பக்கத்தில்
என் அடிமட்டத்தை வைத்தேன்.
ஓரம் ஆறு மில்லிமீற்றர்.
மிச்ச இடத்தில் ஒரு கியூஆர் சதுரம்
ஃபோனைக் காட்டு என்கிறது.
தாள் வழவழப்பு. பென்சில் வழுக்கி ஓடுகிறது,
சாம்பல் நிறக் கீறல்கூட விழவில்லை.

"கடதாசி விற்கும் விலைக்கு ஓரத்தை ஒடுக்கித்தான்
முப்பத்தெட்டுப் பக்கம் மிச்சம் பிடித்தோம்" என்றார் ருவந்தி.
நியாயம்தான்.
விலை கூடினால் அனுஸ்டன்மார் எங்கே வாங்குவது?
போட்டோ கொப்பிதான் எடுப்பார்கள்.
போட்டோ கொப்பித் தாளில் பென்சில் பிடிக்கும்
என்று ஒரு நினைப்பு வந்தது.
அதைச் சொல்லவில்லை, பதிப்புரிமைப் பக்கம் திறந்தே கிடந்தது.

பக்க அமைப்பு: இரண்டு.
காரணம் எழுத ஒற்றை வரிக் கட்டம்.
'நெவதலெஸ்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.
அந்த ஒரு சொல்லே பாதிக் கட்டத்தைத் தின்றுவிட்டது.
மணி மூன்று ஐம்பத்தைந்து.
நஸ்மி சேர் கோப்பைகளை அடுக்குகிறார்.

படிவத்தின் ஓரம் நல்ல அகலம்.
பேனையை வைத்துவிட்டு
பென்சிலை எடுத்தேன்.